பக்கத்து பெஞ்சில் இருந்த தஞ்சாவூர்

இந்த எபிசோடை ஒரு சின்ன வேலையோட ஆரம்பிக்கலாம். உங்க சொந்த ஊரைப் பத்தி ஒண்ணுமே தெரியாத ஒருத்தர்கிட்ட, மூணே வாக்கியத்துல சொல்லணும்னா என்ன சொல்வீங்க? மனசுக்குள்ள ஓட விட்டுப் பாருங்க.

என்னோட மூணு வாக்கியம் இது. எங்க ஊர்ல பெரிய கோயில் இருக்கு. வீணை, ஓவியம், தலையாட்டி பொம்மை எல்லாம் எங்க ஊர் சரக்கு. சரஸ்வதி மகால் நூலகம் எங்க வீட்டிலிருந்து நடக்கிற தூரம். தஞ்சாவூர் மேலவீதிப் பக்கம் வளர்ந்த பிள்ளைக்கு இந்த மூணும் தானா வரும். மூணுமே உண்மை.

பள்ளிக்கூடத்துல என் பக்கத்து பெஞ்சில் ஒருத்தி இருந்தா. பேரு வேண்டாம், தோழின்னே சொல்றேன். அவ வீடு கரந்தை தாண்டி, பள்ளியக்ரஹாரம் வெண்ணாற்றுப் பாலத்துப் பக்கம். எங்க வீட்டிலிருந்து டவுன் பஸ்ல கொஞ்ச நேரம், அவ்வளவுதான். அம்மா நடவு, களையெடுப்புக்குப் போவாங்க. அப்பா நெல் கொள்முதல் நிலையத்துல மூட்டை தூக்குற லோடுமேன். அவகிட்ட இதே கேள்வியைக் கேட்டிருந்தா அவ சொல்லியிருக்கக்கூடிய மூணு வாக்கியம் வேற. தண்ணி வந்தா வேலை இருக்கும். அறுப்பு நேரத்துல மழை பெஞ்சா பயம். பட்டுவாடா ஆனா கடன் அடையும்.

இதுவும் தஞ்சாவூர்தான். இன்னிக்கு நான் பேசப்போறது இந்த ரெண்டு தஞ்சாவூரைப் பத்தி. கூடப் படிச்ச ஒருத்தியோட ஊரு, என்னோட ஊரை எப்படிப் பெரிசாக்கிச்சு என்பதைப் பத்தி.

முதல்ல கோயில். தஞ்சாவூர்ப் பிள்ளைகளுக்குப் பெரிய கோயில் கணக்கெல்லாம் மனப்பாடம். ராஜராஜ சோழன் கட்டினது. 1010ல் முடிந்தது. விமானம் 200 அடிக்கு மேல. 1987ல் யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தது. ஒரு தடவை வகுப்போட போயிருந்தப்ப இதையெல்லாம் வரிசையா சொல்லி முடிச்சாச்சு. அவ மெதுவா என்கிட்ட கேட்டா: "இவ்ளோ பேரு வேலை பார்த்திருக்காங்களே, எல்லாருக்கும் நெல்லு எங்கேருந்துடி வந்துச்சு?"

யாரு கட்டினா, எவ்வளவு உயரம், நிழல் விழுமா விழாதா, இதெல்லாம் எல்லாரும் கேட்கிற கேள்வி. நெல்லைப் பத்திக் கேட்கணும்னா, வீட்டுல நெல்லை வச்சுக் கணக்குப் பேசுற குடும்பத்துல பிறந்திருக்கணும். இந்தக் கேள்விக்கான பதில் அந்தக் கோயில் கல்லுலயே இருக்கு என்பதுதான் ஆச்சரியம்.

பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒன்று, சோழ நாட்டின் பல கோயில்களிலிருந்து தஞ்சாவூருக்குக் கொண்டுவரப்பட்ட 400 ஆடல் மகளிரைப் பட்டியல் போடுகிறது. தளிச்சேரிப் பெண்டுகள் என்று அவர்களுக்குப் பெயர். சும்மா 400 என்று எண்ணிக்கை மட்டும் சொல்லி விடவில்லை. ஒவ்வொருத்தர் பெயர், எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, எல்லாம் இருக்கு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய டோர் நம்பர்! ஒவ்வொருத்தருக்கும் ஒரு பங்கு. ஒரு பங்கு என்றால் வருஷத்துக்கு 100 கலம் நெல். அதை அளக்க ஆடவல்லான் என்ற பெயரில் தனி மரக்கால்.

அந்தப் பட்டியல் அவர்களோடு நிற்கவில்லை. நட்டுவனார், பாடுகிறவர், சங்கு ஊதுகிறவர், குடை பிடிக்கிறவர், தண்ணீர் தெளிக்கிறவர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், தச்சர், கணக்கர் என்று போய்க்கிட்டே இருக்கு. எல்லாருக்கும் கூலி நெல்தான். ஆக, அந்தக் கோயில் நெல்லில் ஓடின ஒரு பெரிய நிறுவனம்.

சரி, அந்த நெல் எங்கிருந்து வந்தது? அதுக்கும் கல்வெட்டு இருக்கு. கோயிலுக்கு நெல் கொடுக்க வேண்டிய ஏறத்தாழ 40 ஊர்களின் நிலக்கணக்கு அதில் வருகிறது. ஒவ்வொரு ஊரிலும் மொத்த நிலம் இவ்வளவு, அதில் வரி இல்லாத இடம் இவ்வளவு, கழித்தது போக மீதி இவ்வளவு என்று மிக நுணுக்கமான பின்னங்கள் வரைக்கும் போடுகிறார்கள். வரி இல்லாத இடம் என்று எதையெல்லாம் கழிக்கிறார்கள் தெரியுமா? ஊரார் குடியிருக்கும் நத்தம், குளம், வாய்க்கால், கோயில், சுடுகாடு. கூடவே கம்மாளர் சேரி, பறைச்சேரி. தீண்டாச்சேரி என்ற சொல்லும் இந்தக் கல்வெட்டுகளில் வருகிறது.

இதைக் கொஞ்சம் நின்னு யோசிச்சுப் பாருங்க. நாம தலையை அண்ணாந்து பார்க்கிற அதே கோயிலில், இடுப்பு உயரத்துக்குப் பக்கத்துல, ஊர் தனி, சேரி தனி என்று கல்லில் வெட்டி வச்சிருக்கு. உயரத்தை மட்டும் பார்க்கிறவங்களுக்கு அது கண்ணில் படாது. நெல்லைத் தேடிப் போனால்தான் அந்தச் சேரி வரும். என் தோழி கேட்டது கோயிலைக் குறைச்சுப் பேசுற கேள்வி இல்லை. கோயிலை இன்னும் முழுசாப் படிக்க வைக்கிற கேள்வி. இப்ப எனக்குப் பெரிய கோயில் முன்னைவிடப் பெரிசாத் தெரியுது. 40 ஊரும், அந்த ஊர்களின் சேரிகளும் சேர்ந்த பெரிய கோயில்.

அடுத்தது தண்ணீர். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிற ரோட்டில் பஸ் ஏறினா அஞ்சு ஆறு தாண்டணும். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அப்புறம் காவிரி. எங்க வீட்டுக்கு ஆறு என்றால் ஆடிப்பெருக்கு. சித்ரான்னம் கட்டி எடுத்துக்கிட்டுப் படித்துறைக்குப் போறது, மஞ்சள் சரடு, காதோலை கருகமணி. அவங்க வீட்டுக்கு ஆறு என்றால் ஜூன் 12.

மேட்டூர் அணை கட்டி முடிச்சது 1934ல். குறுவைக்காக ஜூன் 12ஆம் தேதி தண்ணீர் திறந்து, ஜனவரி 28ல் மூடுவது வழக்கம். அணையில் போதுமான தண்ணீர் இருந்தால்தான் அந்தத் தேதி நடக்கும். கர்நாடகத்தில் மழை எப்படி, அங்கிருந்து எவ்வளவு விட்டாங்க என்பதைப் பொறுத்துத் தள்ளிப்போன வருஷங்கள் நிறைய. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து, அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும். கல்லணைக் கால்வாயை எங்க ஊர்ல புது ஆறு என்போம். பெரிய கோயிலை ஒட்டித்தான் ஓடுது. கோயிலுக்கு ஆயிரம் வயசு, பக்கத்துல ஓடுற ஆத்துக்கு இன்னும் நூறு வயசு ஆகல. அந்தப் புது ஆறுதான் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வரைக்கும் போய்ப் பாயுது.

இங்கதான் அவகிட்ட கத்துக்கிட்ட ஒரு சொல் வருது. கடைமடை. வாய்க்காலோட கடைசி மடை, கடைசி வயல். கல்லணையில் பூ தூவித் தண்ணீர் திறந்த படம் பேப்பரில் வந்த அன்னிக்கே டெல்டா முழுக்கத் தண்ணி வந்துட்ட மாதிரி எங்களுக்குத் தோணும். கடைமடைக்காரருக்கு அது வந்து சேர இன்னும் பல நாள். வாய்க்கால் தூர் வாரியிருக்கா, மேல் மடைக்காரர் எவ்வளவு எடுத்தாங்க, முறை வச்சு விடுறாங்களா, இதையெல்லாம் பொறுத்தது அது. அவங்க அம்மா வழிச் சொந்தம் பேராவூரணிப் பக்கம். போன் பண்ணினா முதல் கேள்வியே, "தண்ணி வந்துருச்சா?" என்பதுதான். ஒரே ஆறு, ஒரே ஜில்லா. ஆனா தண்ணீர் வருகிற தேதி ஒவ்வொருத்தருக்கும் வேற. நடவு எப்போ, அறுப்பு எப்போ, கையில் காசு எப்போ என்பதெல்லாம் அந்தத் தேதியிலிருந்துதான் ஆரம்பிக்குது.

மழையும் அப்படித்தான். குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரில். அதே நேரம் வடகிழக்குப் பருவமழையும் வந்து நிக்கும். வகுப்புல இருக்கும்போது வானம் இருட்டினா எங்களுக்கெல்லாம் ஒரே குஷி, நாளைக்கு லீவு விடுவாங்களான்னு பேச்சு. அவ மட்டும் ஜன்னலையே பார்த்துக்கிட்டு இருப்பா. ஏன்னு பின்னால்தான் புரிஞ்சது. அரசு கொள்முதல் நிலையத்துல நெல் எடுக்கணும்னா ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள்ள இருக்கணும். மழை அதிகமான சில வருஷங்களில் மாநில அரசு கேட்டு, மத்திய அரசு அந்த அளவைத் தளர்த்தியிருக்கு. ஆனா அந்த உத்தரவு வரும் வரைக்கும் நெல் எங்க இருக்கும்? ரோட்டோரத்துல, தார்ப்பாய் போட்டு மூடி. வெயில் வந்தா பிரிச்சுக் கொட்டிக் காயவைக்கணும், தூறல் போட்டா திரும்ப அள்ளணும். நனைஞ்ச நெல் முளைவிட ஆரம்பிச்சா, மூணு மாச உழைப்பு கண்ணெதிர்ல போகும். எடை போடலேன்னா விவசாயிக்குப் பணம் இல்லை. மூட்டை நகரலேன்னா லோடுமேனுக்குக் கூலி இல்லை. ஒரு சிப்பம் 40 கிலோ. அதைத் தலைக்கு ஏத்தி லாரியில் அடுக்கினாத்தான் அவங்க வீட்டுல அன்னிக்கு வருமானம்.

இப்ப நான் இருக்கிறது வேற ஊர்ல. அக்டோபர்ல ஜன்னலுக்கு வெளியே மழை பெஞ்சா இப்பவும் பிடிக்குது. கூடவே, கொள்முதல் நிலைய வாசல்ல இன்னிக்கு எத்தனை மூட்டை கிடக்கும் என்கிற நினைப்பும் வருது. அது அவ கொடுத்தது.

ஒரே ஊரைப் பக்கத்துப் பக்கத்துல உட்கார்ந்து படிச்ச ரெண்டு பேர் வேற வேறயாப் பார்க்கிறது புது விஷயம் இல்லை. எங்க ஊரிலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளி கும்பகோணத்துல, நல்ல உதாரணம் ஒண்ணு இருக்கு. எம்.வி. வெங்கட்ராம் பிறந்தது 1920ல். தி. ஜானகிராமன் 1921ல். இரண்டு பேருமே கும்பகோணம் அரசுக் கல்லூரியில் படித்தவர்கள், நண்பர்கள். இரண்டு பேருமே எழுதினார்கள், இரண்டு பேருமே பின்னாளில் சாகித்ய அகாதமி விருது வாங்கினார்கள்.

ஜானகிராமனின் 'மோகமுள்'ளில் கும்பகோணம் எப்படி இருக்கு? பாபு கல்லூரியில் படிக்கிறான், ரங்கண்ணாவிடம் பாட்டு கத்துக்கிறான், யமுனாவை நினைச்சு உருகுகிறான். சங்கீதமும் காவிரிக் காற்றும் உள்ள ஊர். அதைப் படிச்சுட்டு கும்பகோணத்துக்கு டிக்கெட் போட்டவங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்கள்ல ஒருத்தராவது இருப்பாங்க. வெங்கட்ராம் பட்டு நெசவு செய்யும் சௌராஷ்டிர சமூகத்தில் பிறந்தவர். பட்டு ஜரிகை வியாபாரம் செய்தவர். அவருடைய 'வேள்வித் தீ'யில் வருவதும் கும்பகோணம்தான். ஆனா அங்கே காதில் விழுறது தறிச் சத்தம். பட்டு கொடுக்கும் முதலாளி, நெய்த சேலைக்குக் கூலி, அந்தக் கூலியை நம்பி நடக்கும் குடும்பம்.

அதே ஊர், அதே காலம், அதே கல்லூரி வாசல். ஒருத்தர் காது தம்புராவுக்குப் பழகினது, இன்னொருத்தர் காது தறிக்குப் பழகினது. இதுல எது நிஜக் கும்பகோணம்னு கேட்டா பதில் கிடையாது. ஒன்றை மட்டும் படிச்சுட்டு நிறுத்தினா நமக்குப் பாதி ஊர்தான் கிடைக்கும். நடந்தது என்னன்னா, 'மோகமுள்' சினிமாவாச்சு, எல்லாருக்கும் தெரியும். 'வேள்வித் தீ' அந்த அளவுக்குப் போய்ச் சேரவில்லை. ஒரு ஊரோட எந்தப் பாதி பிரபலமாகும் என்பதும் அந்த ஊரைப் பத்தி நமக்கு ஏதோ சொல்லுது.

இந்த ரெண்டு நாவலையும் தாண்டி மூணாவது ஒண்ணு உண்டு. வயல். அங்கே ஜானகிராமனோட மாணவர் வருகிறார். இந்திரா பார்த்தசாரதிக்கு கும்பகோணத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் ஜானகிராமன். 1968 டிசம்பர் 25 அன்று, அப்போதைய தஞ்சாவூர் மாவட்டத்தின் கீழவெண்மணியில், விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். பின்னணியில் இருந்தது கூலித் தகராறு. அந்தக் கூலியும் நெல்லாக அளக்கப்பட்ட கூலிதான். இதை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' 1977ல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. டெல்லியிலிருந்து வந்த படித்தவர்கள் வழியாகக் கதை நகர்வது பற்றி அந்த நாவல் மேல் விமர்சனங்கள் உண்டு. பிறகு, அதே டெல்டாவின் வயல்காட்டைச் சேர்ந்த சோலை சுந்தரபெருமாள் 'செந்நெல்' எழுதினார். ஒருத்தர் விட்ட இடத்தை இன்னொருத்தர் நிரப்பிக்கிட்டே வர்றாங்க.

எங்க தெருவிலிருந்து பார்க்கிறோம் என்பது எவ்வளவு முக்கியம்னு ஒரு ஆய்வாளரே எழுதி வச்சிருக்கார். சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1961, 62ல் தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்தார். ஊரின் உண்மையான பெயரை மறைத்து ஸ்ரீபுரம் என்று அழைத்தார். 1965ல் புத்தகம் வந்தது, இன்னிக்கும் பாடமா வைக்கிறாங்க. அக்ரஹாரம், குடியானவர் தெருக்கள், சேரி என்று ஊர் மூன்றாகப் பிரிந்திருப்பதை அந்தப் புத்தகம் விளக்குது. அவர் தங்கினது அக்ரஹாரத்து வீட்டில். அதனால் சேரிக்கு நினைச்ச நேரத்தில் போய்ப் பழக முடியவில்லை என்பதை அவரே பின்னால் எழுதியிருக்கார். யோசிச்சுப் பாருங்க, ஊரைப் படிக்கணும்னே வந்தவருக்கே, ராத்திரி எங்க படுத்தார் என்பது எதைப் பார்க்க முடியும் என்பதைத் தீர்மானிச்சிருக்கு. அதுக்காகவே வராத நமக்கு எப்படி இருக்கும்?

அதனாலதான் வகுப்பறை எனக்கு முக்கியமாத் தெரியுது. எங்க மாதிரி ஊர்களில் வீதிகள் ஒண்ணோட ஒண்ணு ரொம்பக் கலக்காது. கல்யாணத்துல கலக்காது, திருவிழாவுல கூட அவங்கவங்க இடம் அவங்கவங்களுக்கு. ரோல் நம்பர்படி உட்கார வைக்கிற ஒரு பெஞ்சில்தான் மேலவீதியும் வெண்ணாற்றங்கரையும் முழங்கை இடிச்சுக்கிட்டு உட்காரும். அந்த இடத்தை விட்டா அப்புறம் நாம காலேஜ், ஆபீஸ், அபார்ட்மென்ட்னு நம்மளை மாதிரியே இருக்கிறவங்களோடயே போய்ச் சேர்ந்துடுவோம்.

ஒரு விஷயம் சொல்லணும். இது ஒரு பக்கம் மட்டும் கத்துக்கிட்ட கதை இல்லை. நூலகம், அரண்மனை எல்லாம் "உங்க ஆளுங்க" போற இடம்னு அவ நினைச்சிருந்தா. ஒரு சனிக்கிழமை அவளைச் சரஸ்வதி மகாலுக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்துப் புத்தகங்கள், படங்கள் எல்லாம் பார்த்தோம். அரண்மனைக் கணக்குகளும் கடிதங்களும் மோடி எழுத்தில் கட்டுக்கட்டா இங்க இருக்குன்னு சொன்னேன். உடனே, "அப்ப அதுலயும் நெல்லுக் கணக்கு இருக்கும்ல?" என்றாள். நான் ஓவியத்தைப் பார்த்துக்கிட்டு இருந்த இடத்துல அவ களஞ்சியத்தைத் தேடினா. திரும்பி வரும்போது, இந்த எழுத்தைப் படிக்க எங்க கத்துக் கொடுப்பாங்கன்னு கேட்டா. அதுவரைக்கும் அவ ஊர்ல இல்லாத ஒரு கட்டடம் அன்னிக்கு அவ ஊருக்குள்ள வந்துச்சு.

ரெண்டு பார்வையும் ஒண்ணாயிடணும்னு அவசியமில்லை. ஆகவும் ஆகாது. மழை பெஞ்சா அவங்க வீட்டுல நடக்கிறது எங்க வீட்டுல நடக்காது. நாங்க எவ்வளவு சிநேகிதமா இருந்தாலும், மூட்டையைத் தூக்குறது அவங்க அப்பா தோள்தான். அந்த வித்தியாசத்தை நட்பு அழிச்சிடாது. ஆனா அந்த வித்தியாசம் இருக்குன்னு தெரிஞ்சே ஊரைப் பத்திப் பேச முடியும். டிகிரி காபி, பெரிய கோயில், காவிரின்னு நாம ஊர்ப்பெருமை ரீல் போடும்போது, அந்த ஃப்ரேமுக்கு வெளியே யாரு நிக்கிறாங்கன்னு ஒரு நிமிஷம் யோசிக்க முடியும்.

உங்ககிட்ட கேட்டுக்கிறது இதுதான். பழைய ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப் எல்லாருக்கும் இருக்கும். அதுல நம்ம ஊர்க்காரங்களாவே இருந்தும் நாம வீட்டுக்கே போகாத ஒருத்தர் இருப்பாங்க. அவங்களுக்கு ஒரு போன் போடுங்க. ஊர் எப்படி இருக்குன்னு கேட்காதீங்க, "நல்லாருக்கு"ன்னு சொல்லிடுவாங்க. இந்த மாசம் உங்க வீட்டுல எதைப் பத்திப் பேச்சு ஓடுதுன்னு கேளுங்க. தண்ணியா, கூலியா, கரண்ட்டா, பஸ்ஸா, எதுவா வேணா இருக்கலாம். குறுக்கே பேசாம கேளுங்க. கேட்டதுல உங்களுக்குத் தெரியாத ஒரு சொல் வந்தா, கடைமடை மாதிரி ஒண்ணு, அதை எங்களுக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல அந்தச் சொற்களை வச்சே பேசுவோம்.